என்னைக் கேட்காமல் எடுத்த விரல்

வலது கட்டைவிரல் நகத்தின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முத்தியால்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்புகளுக்குப் பிரெஞ்சும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன். அப்பா அம்மா இல்லை. அண்ணன் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர்.

எங்கேயோ கதவிடுக்கில் நசுங்கிய ரத்தக்கட்டு என்றுதான் நினைத்தேன். எந்தக் கதவு என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. மூன்று மாதத்தில் கோடு பட்டையாகி, நகம் பிளந்து கசியத் தொடங்கியது. நகச்சுத்தி என்று சொல்லி அண்ணி எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் சொருகிவிட்டார். வலி இல்லை. வலித்திருந்தால் முன்பே ஓடியிருப்பேன். கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் பரவிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் பிரான்சில் படித்துவிட்டு வந்த தமிழர். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு மெட்ராஸுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். விரல் என்னோடு வெளியே இருந்தது. அதைப் பற்றிய பேச்சு உள்ளே நடந்தது.

அண்ணன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்னாண்ணே சொன்னாரு?"

"ஒண்ணுமில்லம்மா. நகம் அழுகிப் போயிருக்காம். எடுத்துட்டா சரியாப் போயிடும்."

"நகத்த மட்டுந்தானே?"

"ஆமாம்மா, நகந்தான்."

மயக்கம் தெளிந்தபோது கையில் பெரிய கட்டு. கட்டைவிரல் நுனி விண்விண்ணென்று தெறித்தது. நகத்தைப் பிடுங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நான்காம் நாள் கட்டு மாற்ற ஒரு கன்னியாஸ்திரீ வந்தார். அவர்களை நாங்கள் மாசேர் என்று கூப்பிடுவோம். அவர் துணியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். துணி தீர்ந்தது. விரல் இல்லை. விரல் இருந்த இடத்தில் தையல் இருந்தது.

"மாசேர், என் விரல் எங்க?"

அவர் கை நின்றுவிட்டது. "உங்க அண்ணன் சொல்லலியா?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். சாயங்காலம் அண்ணன் வந்தார். அழுகல் எலும்புக்கு இறங்கிவிட்டதாகக் கடைசி நேரத்தில்தான் தெரிந்தது என்றார். அதையும் நம்பினேன்.

இடது கையால் எழுதப் பழகிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. பத்து நாள்கூட ஆகவில்லை. ஆசிரியைகள் அறையில் என் தம்ளரை யாரோ தனியாக ஜன்னலில் வைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். தமிழர்தான் என்றாலும் எல்லோருக்கும் அவர் மதாம்.

"நான் நம்பல. ஆனா பெத்தவங்க பயப்படுறாங்க. வெரல் விழுந்த டீச்சர்னு பேசிக்கிறாங்க. குஷ்டம் இல்லேன்னு ஆஸ்பத்திரியில ஒரு காயிதம் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வர வேணாம்."

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதன்முறையாகத் தனியாக. காகிதம் வேண்டும் என்றதும் குமாஸ்தா உள்ளே போய் டாக்டரிடம் எழுதி வாங்கி, ஒட்டிய உறையாகக் கொடுத்தார். "உங்க அண்ணன்கிட்ட குடுத்துடுங்கம்மா" என்றார்.

படியிலேயே பிரித்தேன். அந்தக் காலத்தில் அங்கே எல்லாம் பிரெஞ்சில்தான் எழுதுவார்கள். நான் ஐந்து வருஷமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள். மூன்றே வரி. முதல் வரி, இது குஷ்டம் அல்ல. இரண்டாவது, நகத்தடியில் தோன்றிய கறுப்புப் புற்று. அதற்காகக் கட்டைவிரல் நீக்கப்பட்டது. மூன்றாவது, நோயின் தன்மை நோயாளிக்குத் தெரியாது, குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது.

இரண்டாம் வரி என்னைக் கலங்க வைத்திருக்க வேண்டும். மூன்றாம் வரிதான் உடம்பெல்லாம் நெருப்பு வைத்தது. திரும்பப் படியேறி, குமாஸ்தா தடுக்கத் தடுக்க டாக்டர் அறைக்குள் போனேன். காகிதத்தை அவர் முன்னால் வைத்து, பிரெஞ்சிலேயே, நோயாளி வந்திருக்கிறேன் என்றேன். அவர் திடுக்கிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"பொம்பளைங்ககிட்ட இதெல்லாம் சொன்னா மனசு ஒடைஞ்சிடும்மா. ஒங்க நல்லதுக்குத்தான்."

"ஒடையுமா ஒடையாதான்னு எங்கிட்ட கேட்டீங்களா? வெரல எடுக்கவும் கேக்கல. எங்க அண்ணன் வெரலா அது?"

அவர் காகிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"திரும்ப வருமா?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "வரலாம். வராமலும் போகலாம். அக்குள்ள கட்டி தட்டுப்பட்டா ஒடனே வரணும். வாரா வாரம் பாத்துக்கச் சொல்லி ஒங்க அண்ணிகிட்ட சொல்லியிருக்கேனே."

ஆபரேஷனுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அண்ணி எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். கையைத் தூக்கச் சொல்லி, அக்குளில் விரலை அழுத்தி அழுத்திச் சோப்புப் போடுவார். அம்மா போனபின் யாரும் என்னை அப்படித் தொட்டதில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளுக்காகக் காத்திருந்தவள் நான். வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அக்குள் கூசியது.

அண்ணன் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "யார் யாருக்குத் தெரியும்?"

அவருக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டார். அண்ணிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணியின் தம்பிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன ரெட்டியார்பாளையத்துக்காரர்களுக்கும் தெரியும்.

"அவங்ககிட்ட மறைக்கிறது பாவம் இல்லியாம்மா?" என்றார் அண்ணன்.

"எங்கிட்ட மறைச்சது?"

அவர் அழுதார். நாலு மாதமாகச் சோறு இறங்கவில்லை என்றார். பொய்யில்லை, இளைத்துத்தான் போயிருந்தார். நாலு மாதம் அவர் என் சாவுக்கு அழுதிருக்கிறார், நானோ அந்த வீட்டிலேயே உட்கார்ந்து இடது கையால் 'அ' எழுதிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று அவரை நான் தேற்றவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தவும் இல்லை. அதன்பின் அண்ணியை எண்ணெய் தேய்க்க விடவில்லை. அக்குளை நானே பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காகிதத்தை மதாமிடம் நீட்டினேன். படித்துவிட்டு "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ வேணாம் மதாம். இது யாருக்கும் ஒட்டாது. ஜன்னல்ல இருக்கிற தம்ளர எடுத்து உள்ள வைக்கச் சொல்லுங்க."

வேலை திரும்பக் கிடைத்தது. பயந்து ஒதுங்கிய அதே பெற்றோர் பிள்ளைகள் கையில் ஆரஞ்சுப்பழம் கொடுத்தனுப்பினார்கள். சாகப்போகிறவளுக்குக் கொடுக்கும் பழம். எல்லாவற்றையும் வகுப்பிலேயே உரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

கட்டி வரவில்லை. ஏன் வரவில்லை என்று டாக்டருக்கும் தெரியாது. நாலு வருஷம் கழித்து, வழக்கம்போலக் காட்டிக்கொள்ளப் போயிருந்தேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால், கருவடிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் நின்றிருந்தாள். வயலில் வேலை செய்கிறவள். மார்பில் கட்டி, பால் கட்டிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். கையிலிருந்த சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"படிச்ச பொண்ணாட்டம் இருக்கியே. இதுல என்னா எழுதியிருக்கு?"

படித்தேன். "தெரிஞ்சிக்கணுமா?" என்று கேட்டேன். என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

"எம் மாரப் பத்தித்தானே எழுதியிருக்கு? சொல்லு."

சொன்னேன். அவள் அழவில்லை. வரிசையில் நின்ற அவள் புருஷன் ஓடி வந்து, நீ யாருடி அவளிடம் சொல்ல, நெஞ்சில் ஈரமில்லாதவளே என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் அவன் பக்கம்தான் பேசினார்கள்.

அவள் அவனைக் கவனிக்கவேயில்லை. "அறுத்தா எத்தினி நாளு கெடைக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. டாக்டரத்தான் கேக்கணும்."

சீட்டை வாங்கிக்கொண்டு கேட்கப் போனாள். அவள் வரும்வரை அவன் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தான். நானும் இடத்தை விட்டு நகரவில்லை.