பாலத்தடி ஹோர்ன்

பெரும்போகத்துக்கு வயல் வட்டையில் நெல் விதைத்துவிட்டால் மாடுகளுக்கு அங்கே இடமில்லை. பட்டியை ஓட்டிக்கொண்டு உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் பற்றைக்காட்டுக்குப் போய்விடுவேன். மனைவி செத்துப்போன பிறகு வீடு திரும்ப அவசரமும் இல்லை. மகன் கட்டாரில். நாள் முழுக்க மாடுகளோடு பேசலாம். திருப்பிப் பேசாதது ஒன்றுதான் அவற்றிடம் எனக்குள்ள மனக்குறை.

மனிதக் குரல் என்றால், காலையில் பால் எடுக்க வரும் ஏறாவூர் முஸ்லிம் பால்காரர் ஒருவர்தான். என்னைவிட மூத்தவர், அதனால் காக்கா என்று கூப்பிடுவேன். வாய்க்கால் பாலத்தடியில் நின்று ஹோர்ன் அடிப்பார். பைக்கில் பால் கேன்களோடு ஒரு பை தவிடும் இருக்கும். அது பட்டியை முன்னால் நடத்திப் போகும் என் கிழட்டுப் பசுவுக்கு. ஹோர்ன் கேட்டால் அது நடக்கும். அது நடந்தால் பட்டியே நடக்கும்.

"உன்ட மாட்டுக்கு உன்னவிட என்னிலதான் பட்சம் தம்பி" என்று சீண்டுவார்.

இந்த மாரியில் கால், வாய் நோய் வந்தது. முதலில் ஒரு கிடாரியின் வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. பிறகு குளம்பிடுக்கில் புண். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நொண்டின. பால்குடிக் கன்றுகள் இரண்டு நின்ற நிலையில் விழுந்து செத்தன. தாய்கள் கத்தக் கத்த நானே குழி வெட்டிப் புதைத்தேன்.

மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பாலத்துக்கு அங்கால நிக்கிற பட்டிக்கு இன்னும் வரல்ல. ஊசி போட்டிருக்கு. அது பிடிக்கும் வரைக்கும் உங்கட மாடு அங்கால போகக்கூடாது. இஞ்ச ஆரும் வரவும் கூடாது. டயரில ஒட்டியும் போகும்."

காக்காவுக்குப் போன் போட்டேன்.

"சரி, வரல்ல. பாலத்தில நிண்டு ஹோர்ன் அடிச்சிட்டுப் போறன். நீ இருக்கியா எண்டு பாக்கோணுமே" என்றார்.

மறுநாள் ஹோர்ன் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. துவாயை எடுத்து வீசிக் காட்டினேன். என் பின்னால், கஞ்சிகூடக் குடிக்காமல் கிடந்த கிழட்டுப் பசு எழுந்துவிட்டது. புண் காலை இழுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தது. அதன் பின்னால் நொண்டி நொண்டி முழுப் பட்டியும். அக்கரையில் அடுத்தவரின் நோயில்லாத மாடுகள். தடியோடு ஓடிப்போய், கத்தி, அடித்து, பாலத்தடியில் மறித்தேன். நடக்க முடியாத மாட்டை அடிப்பதைப்போலக் கேவலமான வேலை வேறில்லை.

"ஹோர்னும் வேணாம் காக்கா" என்றேன் அன்று போனில்.

"சரி தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு உப்புத்தண்ணீரால் வாய் கழுவுவதும், குளம்புக்கு வேப்பெண்ணெய் பூசுவதுமாக நாட்கள் போயின. அக்கரைப் பட்டிக்குப் பால் எடுக்கப் போகும் பைக் பாலத்தடியில் மெதுவாகும். ஒரு சத்தமும் இல்லாமல் போய்விடும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். யார் மேல் என்றுதான் தெரியாது. சில காலைகளில் அழுதுமிருக்கிறேன்.

அக்கரைப் பட்டி தப்பிவிட்டது. வைத்தியர் "இனிப் பயமில்ல" என்று சொன்ன அன்றே போன் போட்டேன்.

அடுத்த நாள் காலை ஹோர்ன் விடாமல் அடித்தது. பசு தலையைத் தூக்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

காக்கா தவிட்டுப் பையை அவிழ்த்தபடி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மாடு எங்க தம்பி?"

ஓடி வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது.

"பின்னால வருது காக்கா" என்றேன்.