செருப்பைக் கழற்றிய கள்ளன்

எங்கள் கரவெட்டி வீட்டில் புகுந்து சங்கிலி திருடியவனுக்கு அன்று தீர்ப்பு. பெரிய தண்டனை கிடைக்கப்போகிறதென்ற துள்ளலில் முதல் ஆளாய் நீதிமன்றத்துக்குப் போய்விட்டேன்.

அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். முதல் குற்றம், நகையும் மீண்டது. ஆனாலும் ஆள் இருக்கும் வீட்டில் திருடினால் தண்டனை கூடுமாம். கண் தெரியாத என் அம்மா அன்று வீட்டில்தான் இருந்தார்.

"இவர் அம்மாவை வெருட்டினாரா?" என்று நீதவான் என்னிடம் கேட்டார்.

ஓம் என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது. ஆனால் உண்மைதான் வந்து விழுந்தது.

"இல்லை ஐயா. அம்மாதான் அவனை ஏசினவா. 'ஆரடா உது, செருப்போடை உள்ளை வாறது?' எண்டு. அவன் பயந்துபோய் வாசலிலை கழட்டி வைச்சிட்டுத்தான் களவெடுத்தவன். ஓடேக்கை விட்டிட்டுப் போன அந்தச் செருப்பாலைதான் பிடிபட்டவன்."

நீதிமன்றமே சிரித்தது. நீதவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார். மறுபடி குற்றம் செய்தால்தான் சிறை.

எனக்குக் கோபமே வரவில்லை! சைக்கிளில் பறந்து வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப அவன்ரை செருப்பைத் திருப்பிக் குடுத்தவையோ?" என்றார் அம்மா.

அவன் வெறுங்காலோடு வெயிலில் இறங்கிப் போனதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். செருப்பைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.