சிம் துளைக்குள் சிவப்பு

"நீங்க உண்மையிலேயே படிச்சவங்களா, இல்ல படிச்ச மாதிரி பேசுறீங்களா?"

வாரண்டி நிபந்தனைகளை வாசித்துக் காட்டியதற்காக, ஈப்போ கைப்பேசி சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருந்தவர் என்னிடம் அப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்.

அவருக்கு நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத சட்டை. யாருடைய கைப்பேசியைத் தொட்டாலும் உடனே ஈர டிஷ்யூவால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். சுங்காய் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவின் கைப்பேசி நான்கே மாதத்தில் செத்துப் போயிருந்தது. சிம் துளைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடும். சிவந்தால் வாரண்டி கிடையாது.

"செவந்திருக்கு. தண்ணியில போட்டிருக்கீங்க."

"அது குங்குமம் தம்பி," என்றார் அம்மா. "வாங்குன அன்னைக்கு சாமிகிட்ட வெச்சுப் பொட்டு வெச்சேன்லா. பொடி உள்ள போயிருக்கும்."

"அடுத்த தடவ அபிஷேகமும் பண்ணிருங்கக்கா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"தொடச்சுப் பாருங்க, தெரியும்," என்றேன்.

கையிலிருந்த அதே ஈர டிஷ்யூவை ஊசியில் சுற்றித் துடைத்தார். குங்குமம் போனது. அடியில் தெரிந்த வெள்ளைப் புள்ளி, ஈரம் பட்டு எங்கள் கண்ணெதிரே சிவந்தது.

"பாருங்க, இன்னும் செவப்புதான்," என்றார் புன்னகையோடு.

"வாம்மா, போலாம்," என்று அம்மா என் கையை இழுத்தார்.

தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? அந்தப் புன்னகையை எத்தனை முறை நினைத்துப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் அவரிடமே கேட்கப்போகிறேன். மனுவை நேற்றுக் காலையே கொடுத்துவிட்டேன்.