கைப்பைக்குள் ஒரு துவக்கு

சென்ற வாரம் எங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. லண்டன் ஹவுன்ஸ்லோவில் பாதிப்பேர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார்கள். வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்… காரணம், என் மனைவியின் கைப்பைக்குள் இருந்த துவக்கு, அதாவது துப்பாக்கி.

பதறாதீர்கள். விரல் நீளத்தில், ரோஸ் நிறத்தில் ஒரு ஸ்பிரே. அமுக்கினால் மிளகாய்ச் சாறு பீறிடும். டெக்சஸிலிருந்து வந்து நின்ற மைத்துனி, ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகும்போது அக்காவின் பையில் சொல்லாமல் வைத்துவிட்டுப் போன அன்பளிப்பு. விமானத்தில் எப்படிக் கொண்டுவந்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

என் மனைவி சுகந்திக்கு விமான நிலையத்தில் வேலை. விடிகாலை ஷிப்ட். கருக்கலில் பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்பாள். போன மாரிக் குளிரில் ஒருவன் அவளைத் தெருமுனையிலிருந்து பின்தொடர்ந்து வந்திருக்கிறான். தங்கையிடம் சொன்னவள் என்னிடம் சொல்லவில்லை. என் நித்திரையைக் குழப்பக்கூடாதாம்! கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கள் அவளுக்கு லீவு. மத்தியானம் பஸ் கார்டைத் தேடியபோது ஸ்பிரே அகப்பட்டது. உடனே டெக்சஸுக்கு போன்.

"அக்கா, அது சும்மா விளையாட்டுச் சாமான். நான் கட்டிலுக்குப் பக்கத்திலை துவக்கே வைச்சிருக்கிறன். இங்கை வீட்டை உடைச்சுக்கொண்டு வந்தால் சுடலாம். வேறை சில ஸ்டேட்டிலை, றோட்டிலை எண்டால், தப்ப வழியிருந்தா முதல் ஓடோணும். அதுதான் நாங்கள் அங்கை வீடு வாங்கேல்லை."

இங்கே எப்படி? சொலிசிட்டர் நண்பரைக் கேட்டேன்.

"அண்ணை, இந்த நாட்டுச் சட்டத்திலை அதுவும் துவக்குத்தான். வைச்சிருந்தாலே ஜெயிலுக்குப் போகலாம். குப்பையிலை போடாதேங்கோ, கொண்டு திரியவும் வேண்டாம். பொலிஸுக்கு போன் அடியுங்கோ."

மறுநாள் காலை அந்தப் பை ஸ்டாஃப் செக்கிங்கில் ஸ்கேனருக்குள் போயிருந்தால்? பாஸ் போயிருக்கும், வேலை போயிருக்கும், பிறகு வழக்கு. சுகந்தி கதிரையில் குந்திவிட்டாள்.

"துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தனாங்கள். இப்ப என்ரை ஹான்ட்பாக்கிலை துவக்கு எண்டுறாங்கள்."

போன் பண்ணியதும் வந்த பெண் பொலிஸ் நல்ல பிள்ளை. ஸ்பிரேயை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டார். வழக்கில்லை என்றார். சுகந்தி விடவில்லை.

"அப்ப குசினியிலை இருக்கிற மிளகாய்த்தூளை ஒரு பேப்பரிலை சுத்திக்கொண்டு போகலாமோ? கேளுங்கோ."

கேட்டேன். தூள் குசினியில் இருக்கும்வரை தூள்தானாம். ஒருவன் முகத்தில் எறியவென்று தெருவுக்கு எடுத்துப் போனால் அதுவும் ஆயுதம். யாரும் தாக்க வந்தால் அந்த நேரம் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு அளவோடு தடுக்கலாம். திட்டமிட்டு எடுத்துப் போகக்கூடாது. வேண்டுமானால், அலறுகிற ஒரு சின்ன அலாரம் வாங்கிக் கொள்ளலாம்.

அந்த விடிகாலை நேரத்தில் அது அலறினால் யார் எழும்பி வருவார்கள்?

அங்கே சுடலாம், இங்கே தூளும் தூவ முடியாது. எது சரி என்று வாதாட எனக்கு இப்போது தெம்பில்லை. துவக்கு இல்லாத தெரு வேண்டும் என்றுதான் இந்த நாட்டுக்கு வந்தேன். இன்றும் அதுதான் வேண்டும். ஆனால் எந்தச் சட்டமும் அவளுடன் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பதில்லையே!

அன்றிலிருந்து நானும் எழும்புகிறேன். கம்பளித் தொப்பி, முழங்கால் வலி, கொட்டாவி… பஸ் வரும்வரை பக்கத்தில் நிற்கிறேன். யாரும் வந்தால் என்ன செய்வேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"நீங்கள் பேசாமல் படுங்கோவன்" என்று தினமும் சொல்கிறாள் — இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே.