நீல வானத்துக்கு அடியில் தங்கம்

ஸ்கால்ப்பல் கத்தியால் நீலத்தைக் கிளப்பியபோது அடியில் தங்கம் இருக்கும் என்று நினைத்தேன். வெறும் வெள்ளைச் சுண்ணப் பூச்சுத்தான் இருந்தது.

பழைய பலகை ஓவியங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அந்தக் கோதிக் காலப் பலிபீட ஓவியம், ஜெர்மனியில் நான் வளர்ந்த, எசன் நகருக்குப் பக்கத்து ஊரின் தேவாலயத்துடையது. மரியாளும் குழந்தையும், பின்னால் நீல வானம். அந்த நீலம் வரைந்தவருடையது அல்ல. பல தலைமுறை கழித்து வேறு யாரோ மேலே பூசியது. வெடிப்பு ஒன்றுக்குள் மஞ்சளாக ஏதோ மினுங்கியதால், தூசளவு சாம்பிள் எடுத்து, கார்ஹிங் நகர ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் கார்த்திக்கிற்கு அனுப்பியிருந்தேன். மதுரைப் பிள்ளை. போனில் கத்தினான்.

“அக்கா, ப்யூர் கோல்டு லீஃப்! ஆனா ஒரு சாம்பிள வெச்சு முழு பேக்ரவுண்டும் இருக்குன்னு சொல்ல முடியாதுக்கா.”

அவன் சொன்னதுதான் நடந்தது. கீழ் ஓரத்தில் நீலத்தை எடுத்து, தபால்தலை அளவில் நான் திறந்த சோதனை யன்னலில், நீலம் பூசியவர் தங்கத்தை முதலே சுரண்டி எடுத்திருந்தார்.

பக்கத்தில் திருச்சபைக் குழுத் தலைவி ஃபிராவ் கெல்லர் நின்றார். ஊரில் கேக் கடை நடத்தி ஓய்வு பெற்ற ஜெர்மன்காரர்.

“போதும். நான் கலியாணம் கட்டினது இந்த வானத்துக்குக் கீழதான். இதை எடுத்துப்போட்டு, அடியில ஒண்டும் இல்லையெண்டால்?”

நியாயமான பயம். எடுத்த நீலத்தைத் திரும்ப ஒட்ட ஏலாது. ஆனால் எனக்கு ஒரு யோசனை ஓடியது. சுரண்டுகிறவர் கை எங்கே தயங்கும்? முகத்துக்குப் பக்கத்தில். கொஞ்சம் பிசகினாலும் மரியாளின் கன்னம் போய்விடும்.

“இன்னும் ஒரேயொரு யன்னல், மரியாளின்ர தலைக்குப் பக்கத்தில. அங்கயும் இல்லையெண்டால் சாமானைக் கட்டிக்கொண்டு போறன்,” என்றேன். அவர் அரைமனதோடு தலையாட்டினார்.

கரைப்பானில் நனைத்த பஞ்சை வைத்தேன். நீலம் இளகி, சுருள் சுருளாகக் கழன்றது. அடியில் பளீரென்று தங்கம்! “ஐயோ கடவுளே!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

வெறும் தங்கம் அல்ல, ஒளிவட்டம். ஓவியர் சின்ன உளியால் தட்டித் தட்டிப் புள்ளி வரிசை போட்டிருந்தார். ஃபிராவ் கெல்லரிடம் கேட்டுக்கொண்டு அந்த வரிசை வழியே யன்னலை நீட்டினேன். இடப்பக்கம் புள்ளிகள் தாராளமாக நின்றன. வலப்பக்கம் போகப்போக நெருங்கின. கடைசியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியே நின்றன. மனுசனுக்கு இடம் போதவில்லை!

ஃபிராவ் கெல்லரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் குனிந்து நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“கேக்கில பேர் எழுதேக்க எனக்கும் இப்பிடித்தான். கடைசி எழுத்துக்கு இடம் காணாது. பாவம், ஆரும் பார்த்திடக் கூடாதெண்டு நினைச்சிருப்பான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “திறவுங்கோ.”

குழுவையும் அவரே சம்மதிக்க வைத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு காலையும் வேலைக்கு ஓடித்தான் போனேன். கீழ் ஓரம் தவிர, பின்னணி முழுவதும் தங்கம் தப்பியிருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் யன்னலை வைத்து முடிவெடுக்காதேங்கோ. அடுத்ததைத் திறக்கும்போது, பலகைக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பை அவரிடம் விட்டுப்போட்டு, நீங்கள் தள்ளி நில்லுங்கோ.