விப்கே வீட்டுக்கு ஒரு பெண்

"அந்தத் துணிய கேமராவுக்குத் தெரியாம தள்ளு" என்றாள் விப்கே.

ஹென்னிங் துவைத்த துணிக் குவியலை நாற்காலியோடு சேர்த்து மூலைக்குத் தள்ளிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். "வேலை குடுக்கறது நாம. நீ என்னவோ பரீட்சைக்குப் போறவ மாதிரி நடுங்கற."

"வாய மூடு. இந்தப் பொண்ணும் வேணாம்னுட்டா நான் டிப்போவுல சாவி எண்ணிக்கிட்டு உக்காரணும்."

விப்கே ஜெர்மனியின் ப்ரேமன் நகரில் டிராம் ஓட்டுகிறாள். விடியற்காலை வண்டி அவளுடையது, கேட்டு வாங்கியது. மகள் ஃபென்யாவின் பாலர் பள்ளி திறப்பதற்குள் அவள் ஊரைப் பாதி சுற்றி முடித்திருப்பாள். கணவன் ஹென்னிங் இழுவைப் படகில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். ஒரு வருடம் வீட்டோடு தங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வெளிநாட்டுப் பெண், ஓ-பேர், கிடைத்தால்தான் வண்டி. இல்லையென்றால் அலுவலக மேசை. மேற்பார்வையாளர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

இதற்கு முன் கொலம்பியாவிலிருந்து ஓ-பேராக வந்த யெசெனியா ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அவள் போன பிறகுதான் ஆள் அனுப்பிய ஏஜென்சிக்காரி காரணத்தைச் சொன்னாள். விப்கேக்கு அதை நினைத்தால் இன்னும் முகம் சூடாகிறது.

நேர்காணலுக்கு மடிக்கணினித் திரையில் நுத்சா வந்தாள். ஜார்ஜியாவில் குத்தாயிஸி ஊர்க்காரி. தலைமுடி ஈரம் காயவில்லை. ஃபென்யா விப்கேயின் மடியில் ஏறித் தன் விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டினாள். நுத்சா பதிலுக்குத் தன் பல்லிடுக்கைக் காட்டினாள்.

"குழந்த அழுதா என்ன செய்வ?"

"ஏன்னு கேப்பேன். சும்மா அழுதா நானும் கூட உக்காந்து அழுவேன். அப்படிச் செஞ்சா என் தம்பி பயந்து நிறுத்திடுவான்."

ஃபென்யா சிரித்தாள். எழுதிவைத்த மற்ற கேள்விகள் விப்கேக்கு மறந்துபோயின.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் நுத்சா. "முன்னாடி இருந்த பொண்ணு ஏன் போனா?"

ஹென்னிங் மூலையிலிருந்து உதட்டசைத்தான்: ஊர் ஞாபகம்னு சொல்லு. ஏஜென்சியும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தது.

"எங்க தப்பு" என்றாள் விப்கே. "ராத்திரி எங்க வீட்ல அடுப்பு பத்தவைக்கறதில்ல. ரொட்டி, சீஸ், ஊறவெச்ச வெள்ளரிக்கா, அவ்ளோதான். மத்தியானம் நான் டிப்போ கேன்டீன்ல சூடா சாப்ட்டுருவேன், குழந்த பள்ளியில சாப்ட்டுரும். அவ வீட்ல தனியா என்ன சாப்பிடறான்னு நாங்க யாரும் கேக்கவே இல்ல. தன்ன வேணாம்னு காட்டத்தான் சூடில்லாத ரொட்டி வைக்கறோம்னு அவ நெனச்சுட்டா."

நுத்சா திரைக்குக் கிட்டே குனிந்தாள். விப்கே ஃபென்யாவின் காலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அடுப்பு நல்லா எரியுமா?"

"எரியும், எரியும்."

"அப்ப மத்தியானம் நான் பீன்ஸ் சூப் வெச்சுக்கறேன். மிஞ்சினா ராத்திரி உங்களுக்கு."

"மிஞ்சாது" என்றான் ஹென்னிங்.

"யாரது ஒளிஞ்சு பேசறது?"

"என் புருஷன். அந்த ஆளையும் சேத்துதான் பாத்துக்கணும்."

"அதுக்குத் தனிச் சம்பளம்" என்றாள் நுத்சா. பிறகு, "நான் வரேன்" என்றாள்.

விப்கே மடிக்கணினியை மூடினாள். ஹென்னிங்கின் தோளில் ஒரு குத்து விட்டாள்.

மறுநாள் மழை. விப்கே வழக்கம்போல் வண்டியை எடுத்தாள். இடைவேளையில் மேற்பார்வையாளரிடம் பெண் கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். சரி என்றார். நுத்சா வரும்வரை ஹென்னிங் விடுப்பு எடுப்பதாகப் பேச்சு. மாலையில் ஒப்பந்தத்தை ஏஜென்சிக்கு அனுப்பினார்கள். ஃபென்யாவுக்குச் சளி பிடித்திருந்தது.