விளக்கறை மொலெஃபியும் ஒன்பதாவது மாடியும்

மொலெஃபி இறந்தது மார்ச்சில். அக்டோபர் பிறந்ததும் டிசம்பர் விடுமுறைக்கு இடம் பிடிக்க விடுதிக்கு யாராவது போன் செய்தாக வேண்டும். அதுவரை அது அவருடைய வேலை. இப்போது மூத்த மகள் கெனுவேயின் தலையில் விழுந்தது.

கெனுவே வெல்கம் நகரத்துக் குடிநீர் நிலையத்தில் அளவுமானிகளைச் சரிபார்ப்பவள். ஒரு மானி தப்பாகக் காட்டினால் எவ்வளவு தப்பு என்று முதலில் பார்ப்பாள். ஏன் என்ற கேள்வி அப்புறம்தான். அப்பா போனதையும் அவள் அப்படித்தான் கையாண்டாள். சவப்பெட்டி, துக்க விருந்துக்கு வெட்டும் மாடு, கூடாரம், சான்றிதழ் எல்லாம் பிசகில்லாமல் முடிந்தன. ஏன் என்ற கேள்வியை அவள் இன்னும் தொடவில்லை.

மொலெஃபி தங்கச் சுரங்கத்தில் விளக்கறைக்காரராக இருந்தவர். கீழே இறங்கும் ஒவ்வொருவனும் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை அவரிடம் கொடுத்துவிட்டுத் தொப்பி விளக்கை வாங்கிக்கொண்டு போவான். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையைத் திரும்ப வாங்குவான். கொக்கியில் ஒரு வில்லை தொங்கினால் ஒரு மனிதன் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று பொருள். ஷிப்டு முடிந்தும் ஏதாவது தொங்கினால் அவர் வீட்டுக்கு வரமாட்டார். அவருடைய முறை முடிந்து வேறு ஆள் வந்து உட்கார்ந்தாலும் வரமாட்டார்.

அவர் கீழே போனது ஒரே ஒரு தடவை, வேலைக்குச் சேர்ந்த புதிதில். ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு கம்பியில் விழுவது போல இறங்கியது. மேலே ஏறி வந்து எல்லோர் கண் முன்னாலும் வாந்தியெடுத்தார். அதன் பிறகு மண்ணுக்குக் கீழேயும் போகவில்லை, கம்பியில் தொங்கும் எந்தப் பெட்டியிலும் ஏறவில்லை. கண் டாக்டர் நாலாவது மாடியில் இருந்தார் என்பதற்காகப் பத்து வருஷம் பழைய கண்ணாடியையே போட்டுக்கொண்டு திரிந்தார்.

டிசம்பர் விடுதியும் அந்தக் கணக்கில்தான் அமைந்தது. டர்பன் கடற்கரையில் வானத்தைத் தொடும் விடுதிகள் வரிசையாக நிற்க, அவர் பிடித்தது தெற்குக் கரையில், டர்பனிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, தரையோடு தரையாக இருந்த ஒரு குடில். கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். பதினாலு வருஷமும் அதே குடில்.

அந்த வாரத்தில் ஒரு நாள் வேன் பிடித்து டர்பன் பூங்காவுக்குப் போவார்கள். நீர்ச் சறுக்கு, டால்பின், மீன் கூடம் எல்லாம் உண்டு. பூங்கா வாசலில் எல்லோரும் நல்ல செருப்பைக் கழற்றி மொலெஃபியிடம் கொடுத்துவிட்டு ரப்பர் செருப்புக்கு மாறுவார்கள். அவர் தனக்கு டிக்கெட் எடுத்ததே இல்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து செருப்புகளை ஜோடி ஜோடியாக வரிசை வைப்பார். கடைசி ஜோடி போகும்வரை எழுந்திருக்கமாட்டார். ஒரு தடவை கெனுவேயின் தம்பி ரப்பெலாங் வேறு வாசல் வழியாக வெளியேறி, மணலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான். இவர் காவலாளிகளை உசுப்பிக் குளம் குளமாகத் தேட வைத்துவிட்டார். அன்றைக்கு அவன் வாங்கிய திட்டு குடும்பத்தில் இன்னும் புழங்குகிறது. "வெளிய போறதா இருந்தா செருப்பை வாங்கிட்டுப் போடா!"

கெனுவே வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு உள்ளே போவதை நிறுத்திவிட்டாள். பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

அதனால் அக்டோபரில் எந்த விடுதி என்று அவள் யோசிக்கவே இல்லை. அப்பா எழுதி வைத்திருந்த குடில் எண்ணையே அழுத்தினாள். குடில்காரி திருமதி கோவெண்டர் எடுத்தாள்.

"மொலெஃபி குடும்பமா? நானே நினைச்சேன். எங்க உங்க அப்பா? எப்பவும் அவர்தானே கூப்பிடுவார்?"

கெனுவே வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"கொஞ்சம் வேலையா இருக்கார் ஆன்ட்டி."

"இந்த வயசுலயா? சரி சரி, குடில் உங்களுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சமையலறையில் அவள் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவை ஊரில் எல்லோரும் மா-கெனுவே என்றுதான் கூப்பிடுவார்கள், கெனுவேயின் அம்மா என்ற அர்த்தத்தில். மார்ச்சிலிருந்து அவள் கறுப்பு உடுத்தியிருந்தாள். அடுத்த மார்ச்சில்தான் கழற்றுவார்கள். அதுவரை கூட்டத்தில் முன்னால் நிற்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, பொழுது சாயுமுன் கூரைக்குள் வந்துவிட வேண்டும். கோயிலையும் ஆஸ்பத்திரியையும் தவிர அவள் எங்கும் போயிருக்கவில்லை.

மேசையின் தலைப்பக்கத்தில் தாய்மாமன் செச்சாபா உட்கார்ந்திருந்தார். கோழித் துண்டைக் கீழே வைக்காமலேயே தீர்ப்பு சொன்னார்.

"கறுப்புத் துணியோட கடலுக்கா? ஊரு சிரிக்கும். பசங்க போகட்டும். நீ வீட்டுல இரு."

"ஊரு என்னைக்கு எனக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்துச்சு சிரிக்கிறதுக்கு?" என்றாள் அம்மா. சத்தமாகப் பேசக் கூடாது என்பதால் மெதுவாகவே சொன்னாள். அதுதான் உறைத்தது.

ரப்பெலாங்கின் மகள் லெசெடிக்கு ஏழு வயது. "தாத்தா இந்த வருஷம் பெரிய சறுக்குல என்னை விடறேன்னாரு. உயரம் வந்துடுச்சுன்னாரு" என்றாள்.

"போறோம்" என்றாள் அம்மா. "ஆனா கெனுவே, அந்தக் குடிலுக்கு நான் வரல."

"ஏன்? பழகின இடம்மா அது."

"பூங்கா எப்ப மூடும்? சாயங்காலம். அங்கேருந்து டிசம்பர் நெரிசல்ல குடிலுக்குப் போய்ச் சேர இருட்டிடும். முந்தியெல்லாம் இருட்டிலதானே வந்து இறங்குவோம். இந்த வருஷம் என்னால முடியாது."

"பூங்காவுக்கு வராம குடில்லயே இரேன்."

"அப்ப செருப்பை யாருடி பாத்துக்கறது?"

 நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெனுவே சொல்ல வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"அப்பா பாத்து வெச்ச இடம்மா" என்றாள் கடைசியாக.

"அவருக்குப் பாத்து வெச்ச இடம்" என்றாள் அம்மா. "லிஃப்டுக்குப் பயந்தது உங்க அப்பா. நான் இல்ல. பதினாலு வருஷமா கடலுக்குப் போய்ட்டுக் கடலைப் பாக்காம செவத்தைப் பாத்துப் படுத்தேன். ஒரு தடவை எனக்கு மேலேருந்து பாக்கணும்."

மாமா கோழியைக் கீழே வைத்தார். "மொலெஃபி கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா கீழ பெஞ்சுல உட்கார்ந்து, போய்ட்டு வான்னிருப்பார்."

இரண்டு நாள் கெனுவே ஒன்றும் செய்யவில்லை. குடிலை விடுவது என்றால் அப்பா பிடித்திருந்த கடைசிப் பொருளையும் விரலைப் பிரித்து எடுப்பது போலிருந்தது. குடிலை வைத்துக்கொண்டால் அம்மா வெல்கமில் தனியாக இருப்பாள். இரண்டில் ஒன்றுதான் முடியும். மூன்றாம் நாள் டர்பன் கடற்கரை விடுதிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

முதல் விடுதிக்காரன் குழந்தைகளுக்கு வெந்நீர்க் குளம், பொம்மலாட்டம், முகத்தில் வர்ணம் பூசுவது என்று அடுக்கினான்.

"பூங்கா வாசலுக்கு நடந்து போகலாமா?"

"எங்க வண்டி விடுவோம் மேடம்."

"வண்டி எத்தனை மணிக்குத் திரும்பும்?"

"எல்லாரும் ஏறினதும்."

அம்மா கையை அசைத்தாள். வேண்டாம்.

இரண்டாவது இடம் பூங்காவுக்கு எதிரிலேயே இருந்தது. அவர்கள் போனுக்கு அனுப்பிய விதிமுறையைப் படித்தபோது சமையல் பாத்திரம் கொண்டுவரக் கூடாது என்றிருந்தது.

"குடும்பத்துக்கு ஏத்த இடம்னு மேல எழுதியிருக்கான், பானை வரக்கூடாதுன்னு கீழ எழுதியிருக்கான்" என்றாள் அம்மா. "பானை இல்லாத குடும்பத்தை எந்த ஊர்ல பாத்தானாம்?"

மூன்றாவது இடத்தில் சமையலறை இருந்தது. நடந்தால் பூங்கா வாசல் பக்கம்தான். எட்டாவது மாடியில் அறை காலி.

"ஒன்பது இருக்கான்னு கேளு" என்றாள் அம்மா. பள்ளிக்கூடப் பிள்ளை பெரிய துண்டைக் கேட்பது போல இருந்தது குரல்.

ஒன்பது இருந்தது.

மிச்சம் ஒரு போன். அதற்கு கெனுவே வீட்டுக்கு வெளியே போய் நின்றாள். திருமதி கோவெண்டர் எடுத்ததும் குடில் வேண்டாம் என்று சொன்னாள்.

"ஏம்மா, என்ன குறை? அப்பாகிட்ட குடு, நான் பேசறேன்."

"அப்பா மார்ச்ல இறந்துட்டார் ஆன்ட்டி. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

 அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாய் குரைத்தது. அந்த நாயை கெனுவேக்குத் தெரியும்.

"குளியலறைக் குழாய் சொட்டுதுன்னு போன டிசம்பர்ல சொல்லிட்டுப் போனார்" என்றாள் திருமதி கோவெண்டர். "மாத்திட்டேன். வந்ததும் முதல்ல அதைத்தான் திறந்து பாப்பார்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்பாகிட்ட சொல்றேன்" என்றாள் கெனுவே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. அந்தப் பக்கத்தவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் அதைத் திருத்தவில்லை.

"எங்க தங்கறீங்க?"

கெனுவே புது விடுதியின் பெயரைச் சொன்னாள்.

"அங்க பாதி அறை ஊரைப் பாத்திருக்கும். கடல் பக்கம்னு எழுதி வாங்கிக்கோ. இல்லேன்னா பின்பக்கத்தைக் குடுத்துட்டுக் கடல் காத்து வருதுன்னு சொல்லுவான்."

டிசம்பரில் அவர்கள் விடியுமுன் கிளம்பினார்கள். மாமா வரவில்லை. ஆனால் வண்டியில் ஏற்ற ஒரு வாளி ஸ்கோன் பன்னும் வீட்டில் செய்த இஞ்சி பீரும் அனுப்பியிருந்தார். விடுதி லிஃப்டில் அம்மா கறுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டு, யாரும் தொடுமுன் ஒன்பதை அழுத்தினாள். அறைக்குள் போனதும் ஜன்னலைத் திறந்தாள். கடல் முழுசாகத் தெரிந்தது. கப்பல்கள் வரிசையில் காத்து நின்றன. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சோளக் களியை ரப்பெலாங்தான் கிண்டினான். கட்டி கட்டியாக வந்தது.

மறுநாள் பூங்கா. பெஞ்ச் அதே இடத்தில் இருந்தது. ஒரு குடும்பம் சாமான்களோடு அதில் உட்கார்ந்திருந்தது. கறுப்புத் துணியைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார்கள். அம்மா உட்கார்ந்து கையை நீட்டினாள். ரப்பெலாங், அவன் மனைவி, லெசெடி, அவள் தம்பி நியோ என்று ஒவ்வொருவராகச் செருப்பைக் கொடுத்தார்கள். கெனுவே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரப் போனாள்.

"உன்னோடது?"

"நான் உள்ள போறதில்லையேம்மா."

"அது அவர் இருந்தப்ப. கழட்டு."

கழற்றினாள்.

லெசெடி அளவுக் கம்பத்தின் கீழ் நின்றாள். உயரம் வந்திருந்தது. பெரிய சறுக்கில் கத்திக்கொண்டே இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி கத்தினாள். மதியத்துக்குப் பிறகு கெனுவே தனியாக மீன் கூடத்துக்குப் போனாள். இருட்டான அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. திருக்கைகளும் சுறாக்களும் சுற்றிச் சுற்றி வந்தன. பூமிக்குள் இறங்கியது போலத்தான் இருந்தது. அப்பா இதைப் பார்த்ததே இல்லை என்று நினைத்தாள். பக்கத்திலேயே பதினாலு வருஷம் உட்கார்ந்திருந்தார். மார்ச்சிலிருந்து வராதது அங்கே வந்தது. தரையில் உட்கார்ந்து அழுதாள். குழந்தைகளோடு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். எவ்வளவு நேரம் என்று அவள் பார்க்கவில்லை. கடைசியில் காவலாளி வந்து, மூடப்போகிறோம் என்றான்.

வெளியே கட்டடங்களின் நிழல் சாலையைத் தாண்டி மணலில் விழுந்திருந்தது. பெஞ்சில் அம்மா மட்டும் இருந்தாள். மடியில் ஒரு ஜோடி செருப்பு.

"மத்தவங்க?"

"போயாச்சு. பசங்களுக்குப் பசி."

"நீயும் போயிருக்கலாமேம்மா. பொழுது சாயுதே."

"செருப்பு இங்க இருக்கு, ஆளு உள்ள இருக்கு. எந்திரிச்சுப் போய்டுவேனா?" அம்மா அவள் கண்களைப் பார்த்தாள். "போடு. சீக்கிரம். நடக்கற மாதிரி ஓடணும்."

ஓடினார்கள். அம்மா கறுப்புப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். விடுதிக்குள் நுழைந்தபோது வெளியே வெளிச்சம் இருந்தது. லிஃப்டுக்கு முன்னால் காற்றடித்த ரப்பர் முதலைகளோடும் ஈரத் துண்டுகளோடும் பெரிய வரிசை. கெனுவே அம்மாவைப் பார்த்தாள்.

"என்னடி முழிக்கற? இதுவும் கூரைதான்" என்றாள் அம்மா மூச்சு வாங்க. "செச்சாபா கேட்டான்னா, வரவேற்பறையிலயே கூரை இருந்துச்சுன்னு சொல்லு."

மேலே போனதும் அம்மா மறுபடி ஜன்னல் நாற்காலிக்குப் போனாள். கப்பல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று கெனுவேக்குத் தோன்றியது.

"அவர் இங்க ஒரு ராத்திரி கூடத் தூங்கியிருக்கமாட்டார்" என்றாள் அம்மா.

"படியில ஏறி வந்திருப்பார்."

"ஒன்பது மாடியா?"

"நீ கேட்டிருந்தா."

"ஏறி வந்து, பாத்துட்டேன்னு சொல்லிட்டு, வேன்ல தூங்கப் போயிருப்பார்." அம்மா சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தமாக. உடனே வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே யாருமில்லை. ஐந்து பேருடைய செருப்பும் அவளுடையதும் கிடந்தன.